ரூட்டாக நுழையாமலே நிர்வாக வேலை: என் அனுபவம்

என் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒருநாள் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நின்றது. பதறிப்போனேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அதில் என் பெயரில் நுழைந்து ஹோம் கோப்புறையைப் பார்த்தேன். வரைகலைத் திரைக்குள் நுழையத் தேவையான எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டின் உடைமையாகியிருந்தது.

காரணம் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்த, வரைகலை எடிட்டரை அப்படியே சுடோ (ஒரு கட்டளையை ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டும் கருவி) போட்டுத் திறந்திருந்தேன். மொத்த நிரலும் ரூட்டாக ஓடி, என் கோப்புறையிலும் எழுதியிருக்கிறது. உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையைச் சுடோவுடன் கொடுத்து அந்தக் கோப்பை என் பெயருக்குத் திருப்பினேன். லாகின் சரியாகிவிட்டது.

அப்புறம் பழக்கத்தையே மாற்றினேன். கோப்பு திருத்த இப்போது சுடோஎடிட்தான். அது கோப்பின் தற்காலிக நகலைத் தருகிறது. எடிட்டர் என் சாதாரணக் கணக்கிலேயே ஓடுகிறது. மூடியதும் திருத்தம் மட்டும் அசலுக்குப் போகிறது. இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியவில்லை.

யார் எதற்குச் சுடோவைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் விதிக்கோப்பை மட்டும், அதற்கென்றே உள்ள விசுடோ என்ற கட்டளையால்தான் தொடுவேன். இலக்கணப் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். அங்கே ஒரு பிழை விழுந்தால் சுடோவே வேலை செய்யாமல் போகலாம்.

ரூட் முனையத்தைத் திறந்தே வைப்பதையும் விட்டுவிட்டேன். சுடோ கடவுச்சொல்லைச் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது என்பதால், வேலை முடிந்ததும் சுடோவுக்குப் பின்னால் சிறு கோடும் கே எழுத்தும் அடித்து அந்த அனுமதியை ரத்து செய்கிறேன்.