நாலு நூல் எங்கே போனது?

காங்கேயம் பக்கம் நானும் வீட்டுக்காரரும் கொத்தனார் வைக்காமல் கட்டும் வீடு. ஜன்னல் மட்டத்தில் கல் வரி சேரவில்லை: வடகிழக்கு மூலை நாலு நூல், அதாவது அரை அங்குலம், தாழ்வு. மறுநாள் பார்த்தால் அதே மூலை இரண்டு நூல் ஏற்றம்!

கல் மேல் சந்தேகப்பட்டோம். வரிக்குக் கட்டும் நூல்கயிற்றை இழுத்துக் கட்டினோம். ஒரு வரியைப் பிரித்தே வைத்தோம். மூன்று நாள் வீண். ரசமட்டம் சின்னது, நாற்பது அடிக்கு அதை நம்ப முடியாது.

அப்புறம், மூலைக்கு மூலை மட்டம் பார்த்த டியூப் லெவலின், அதாவது தண்ணீர் நிரப்பிய ஓஸின், இரண்டு முனைகளையும் ஒட்டிப் பிடித்தேன். தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. "ஏனுங்க, ஓசுக்குள்ளதான் கோளாறு" என்றேன். முனைகளில் மட்டும்தான் உள்ளே தெரியும் கண்ணாடி டியூப் (பிளாஸ்டிக்தான்), நடுவில் தோட்டத்துப் பச்சை ஓஸ். அஸ்திவாரத்தின் மேல் ஏறி இறங்கும் மேட்டில் காற்று தங்கியிருக்கிறது, வெளியே தெரியவில்லை.

முழுவதும் கண்ணாடி டியூப் ஐம்பது அடி வாங்கினோம். குழாயில் நேரே பிடிக்காமல், உயரத்தில் வைத்த வாளியிலிருந்து உறிஞ்சி, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டோம். பார்க்கும்போது இரண்டு முனையிலும் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும், அவர் அடிக்கடி மறப்பார். இப்போது நாலு மூலையும் ஒரே கோடு. பிரித்த வரி? அது முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது.