ஒடியல் கூழ் காய்ச்சும்போது எங்கே பிழைக்கிறது?

கூழ் சரிவரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது மீனைப் பற்றி இல்லை, மாவை எப்போது ஊறப்போட்டீர்கள் என்றுதான். நண்டு, இறால், கணவாய் எல்லாம் நல்லதாகப் பார்த்து வாங்கி, கடைசியில் கைப்பும் கட்டியுமாக ஒரு பானை கூழை யாரும் குடிக்காமல் கொட்டியதை நானே பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கூழில் கடலுணவு எவ்வளவு சேர்ந்தாலும் அதைக் கூழாக்குவது பனங்கிழங்கு மாதான்.

முதல் பிழை கடையிலேயே நடந்துவிடும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பாக்கெட்டில் இரண்டு மாவும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிட அருமையானது, ஆனால் ஏற்கெனவே வெந்த கிழங்கின் மா என்பதால் கூழுக்குச் சரிவராது. பெயரை வாசித்து வாங்குங்கள்.

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கைப்பு உண்டு, அது தண்ணீரோடுதான் போகும். 6 பேருக்கு 250 கிராம் அளவு மா எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மேலே மிதக்கிற நார்த் தும்பை அள்ளி எறிந்துவிட்டு அப்படியே விடுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும், இப்படி 2, 3 தடவை. இதில்தான் எல்லோருக்கும் அவசரம். எங்கள் அம்மம்மா படிந்த மாவைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முகம் சுளித்தால் இன்னொரு தண்ணீர் மாற்றுவார். நானும் அப்படித்தான் செய்கிறேன், கடிகாரத்தை விட அது நம்பிக்கையானது.

அடுத்த பெரிய பிழை, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுவது. ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் இவைதான் முதலில் வேக வேண்டும் (மரவள்ளி வேகும்போது பானையை மூடாதீர்கள்). அப்புறம் மீன் தலையும் நண்டும், அவற்றின் சாறு இறங்க நேரம் வேண்டும். இறாலைக் கடைசியில் போட்டால் போதும், முதலே போட்டால் சுருண்டு ரப்பராகிவிடும். கணவாய் கொஞ்சம் வித்தியாசமானது: ஓரிரண்டு நிமிடம் வெந்தாலும் மென்மையாக இருக்கும், அரை மணிக்கு மேல் வெந்தாலும் மென்மையாக இருக்கும், நடுவில் நிறுத்தினால்தான் மெல்ல முடியாது. வெளிநாட்டில் உறைந்த கலவைப் பாக்கெட் வாங்குபவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உருகவிட்டு, தண்ணீரை வடித்து, இறாலையும் கணவாயையும் தனித்தனியாகப் பிரித்தெடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மீன் தலை போடும்போது செவுளை முழுக்க எடுக்காவிட்டால் கூழ் முழுவதும் கசந்து நாறும். சின்ன முள் உள்ள மீன் வேண்டவே வேண்டாம், இது குடிக்கிற சாப்பாடு, முள் கண்ணில் படாது. பாரை போலப் பெரிய முள் உள்ள மீனின் தலைதான் நல்லது.

புளியைத் தொடக்கத்திலேயே விடுபவர்களும் இருக்கிறார்கள். புளி விட்டால் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் வேக மறுக்கும். எல்லாம் வெந்த பிறகு, ஊறிய மாவோடு கரைத்த பழப்புளியையும், அரைத்த செத்தல் (காய்ந்த) மிளகாய், மஞ்சள் கூட்டையும் சேர்த்துக் கரைத்து, அடுப்பைக் குறைத்து, ஒரு கையால் ஊற்ற மறு கையால் துழாவ வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிக்கும் பானையில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக உருண்டைகள் நிற்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், நண்டும் இறாலும் தங்கள் உப்பைக் கொண்டுவரும். முருங்கையிலை இறக்குவதற்குச் சற்று முன்.

மா விட்ட பின் 10 நிமிடமாவது மெல்லிய தீயில் துழாவ வேண்டும், இல்லையென்றால் பச்சை வாடை நிற்கும். ஆனால் அடுப்பிலேயே உங்களுக்குப் பிடித்த தடிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆற ஆற இறுகும், கரண்டியிலிருந்து ஒழுகி வழிகிற பதத்திலேயே இறக்கினால்தான், பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி வார்த்துக் குடிக்கும்போது சரியாக இருக்கும். தப்பி இறுகிவிட்டால் கொதிநீர் கொஞ்சம் விட்டு மெதுவாகக் கலக்குங்கள், பச்சைத் தண்ணீர் விடாதீர்கள்.