ஜிம்முக்குப் புதுசா? முதலில் குனியக் கற்றுக்கொள்ளுங்கள்

போன ஆடி மாசம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் செருப்பைக்கூடக் குனிந்து மாட்ட முடியவில்லை. ஜிம்மில் சேர்ந்து அது பன்னிரண்டாம் நாள். இன்று அதே இடுப்பை வைத்துக்கொண்டு 60 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிறேன். நடுவில் என்னென்ன மாற்றினேன் என்பதை, நாளை முதன்முதலாக ஜிம் படி ஏறப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பிரானூர் பார்டரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறவன். காலை ஒன்பது முதல் ராத்திரி ஏழு வரை நாற்காலி. வெளியே வந்தால் பரோட்டாக் கடை. 35 வயசில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. செங்கோட்டையில் மாடியில் இருக்கும் ஒரு ஜிம்மில் சேர்ந்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

எப்படிச் சேருவது, என்ன டிராக் பேண்ட் வாங்குவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. பிரஷர், சர்க்கரை, நெஞ்சில் ஏதாவது தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், ஒரு மாசப் பணம் மட்டும் கட்டுங்கள். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதிப் பணம் மிச்சம் என்பார்கள். மூன்றாம் வாரம் வரை ஒழுங்காகப் போனீர்களா என்று பார்த்துவிட்டு அந்த மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம்.

படி 1: வாரம் மூன்று நாள்

திங்கள், புதன், வெள்ளி. அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. அதோடு நடை மாதிரியான மிதமான வேலை வாரம் 150 முதல் 300 நிமிஷம். புதுசாக வருகிறவருக்கு மாஸ்டர்கள் பழக்கமாகக் கொடுப்பது ‘இன்னைக்கு நெஞ்சு, நாளைக்கு முதுகு’ என்ற ஆறு நாள் அட்டவணை. அது வேண்டாம். போகும் மூன்று நாளும் உடம்பு முழுவதற்கும் செய்யுங்கள். ஒரு நாள் தவறினாலும் எந்தப் பாகமும் வாரம் முழுக்கப் பட்டினி கிடக்காது.

விடிகாலை ஐந்தரைக்குப் போவது நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கண்ணாடி முன்னால் நிற்கவே இடம் கிடைக்காது.

படி 2: பார் எத்தனை கிலோ என்று தெரிந்துகொள்ளுங்கள்

பார் என்றால் இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் நீள இரும்புக் கம்பி. “பார் வெயிட்ட கணக்குல சேக்க வேண்டாம்” என்றார் என் முதல் மாஸ்டர். நானும் சேர்க்கவில்லை. ஒரு பக்கம் 15, மறுபக்கம் 15, ஆக 30 கிலோ பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) போடுகிறேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ரெண்டு மாசம் கழித்துத் தென்காசியில் வேறொரு ஜிம்முக்கு மாறினேன். அங்கேயும் அதே 15, 15. ஐந்தாவது தடவை தள்ளும்போது பார் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் ஓடிவந்து தூக்கினான்.

புது ஜிம்மில் இருந்தது போட்டிகளில் பயன்படும் அளவுள்ள பெரிய பார். அதன் எடை 20 கிலோ. பழைய ஜிம் பார் எவ்வளவு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டு வாங்கி, டிவிஎஸ் எக்ஸெல்லில் நீளவாக்கில் கட்டி, மில்லில் விறகு நிறுக்கும் தராசில் வைத்தேன். 11 கிலோ 400. ஆக, நான் தூக்கியது 41.4 கிலோ, தூக்கப் பார்த்தது 50.

நம் ஊர்ச் சின்ன ஜிம்களில் பார்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. நேராக ஒன்று, வளைந்த ஒன்று, பட்டறையில் அடித்த ஒன்று என்று இருக்கும். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது பாரில் பெஞ்ச் வேண்டாம். டம்பெல் போதும், முடியாவிட்டால் பக்கவாட்டில் இறக்கிவிடலாம்.

(பிற்சேர்க்கை: ‘எங்க வீட்டுல விறகுத் தராசு இல்லையே’ என்று இதைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். ஆள் ஏறி நின்று பார்க்கும் எடை மெஷின் போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அப்புறம் பாரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். பாரை மட்டும் மெஷின்மேல் படுக்க வைக்கப் பார்த்தால் உருண்டு விழும்.)

படி 3: குனிவது

என்னை ஒன்பது நாள் படுக்கப் போட்ட இடம் இதுதான்.

டெட்லிஃப்ட் என்றால் தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்வது. பார்க்க அதைவிடச் சுலபமான பயிற்சி ஜிம்மில் கிடையாது. அரிசி மூட்டை தூக்குகிற மாதிரிதானே என்று குனிந்தேன், எடுத்தேன். மூன்றாவது முறை இடுப்புக்கு மேலே ஏதோ ‘சுருக்’ என்றது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, படுத்தே கிடக்காமல் மெல்ல நடங்கள் என்றார் டாக்டர். மாஸ்டரோ, “பெல்ட் போட்ருந்தா வந்திருக்காது” என்றார். அது பெல்ட் விவகாரமே இல்லை.

விஷயத்தைப் புரிய வைத்தவர் எங்கள் மில் லோடுமேன் அண்ணாச்சி. அறுபதை நெருங்கும் வயசு, தினமும் பலகைக் கட்டு சுமக்கிறவர். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துச் சிரித்தார். “நட்டுக்குத்தாக் குனிஞ்சிருப்பிய தம்பி. பின்னால ஒரு சொவரு இருக்குன்னு வச்சுக்கிடுங்க. அத குண்டியால தள்ளுங்க. தலை தானா கீழ வரும்” என்றார். செய்தும் காட்டினார். அவர் முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது. மடங்கியது தொடை இடுப்போடு சேரும் இடம் மட்டுந்தான்.

இதை வெறும் கையோடு ஒரு வாரம் வீட்டிலேயே பழகலாம். சுவருக்கு முதுகைக் காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் ஒரு சாண் விட்டு நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள், நிமிருங்கள். பத்து தடவை ஆனதும் இரண்டு விரல் முன்னால் தள்ளி நின்று அதையே செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் விண்ணென்று இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். முட்டி முன்னால் போய் நாற்காலியில் உட்காருவதுபோல் ஆனால் தப்பு.

அடுத்து ஒரு கம்பு. சிலம்பக் கம்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒட்டடைக் கம்பு. அதை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக் குழியில். கம்பு மூன்று இடத்தில் பட வேண்டும்: பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு. குனியும்போது மூன்றில் ஒன்று விட்டுப் போனாலும் அங்கேயே நின்றுவிடுங்கள், இப்போதைக்கு உங்கள் எல்லை அது. எனக்குக் கைகள் முட்டியை எட்டும் முன்பே வால் எலும்பு கம்பை விட்டுவிட்டது. பத்து வருஷ நாற்காலி வேலைக்குக் கிடைத்த பரிசு.

இத்தனை செய்தும் ஜிம்மில் பாரைத் தொட்டால் முதுகு வளைந்தது. இதற்குக் காரணம் பிடிபட ஒரு மாசம் ஆயிற்று. பெரிய தட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். அவற்றை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். புதுசாக வருகிறவர் மாட்டுவதோ 5 கிலோ, 10 கிலோ இரும்புத் தட்டு. எங்கள் ஜிம் பத்து கிலோத் தட்டை டேப் வைத்து அளந்தேன், 26 சென்டிமீட்டர். அப்படியானால் பார் இருப்பது 13-ல். எடை குறைவு, ஆனால் பெரிய தட்டுக்காரர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் அதிகமாகக் குனிய வேண்டும். அதுவும் குனியவே வராதவன்.

மில்லில் அயினி மரத்தில் நாலு அங்குல உயரத்துக்கு இரண்டு கட்டை அறுத்துக் கொண்டுபோனேன். தட்டு உருளாமல் இருக்க மேலே இரண்டு ஓரமும் ரீப்பர் அடித்தேன். தட்டுகளைக் கட்டைமேல் வைத்து எடுத்த முதல் நாளே முதுகு நேராக நின்றது. இப்போது அந்தக் கட்டைகளுக்கு ஜிம்மில் வரிசை நிற்கிறது.

(பிற்சேர்க்கை: மர மில்லில் வேலை இல்லாதவர்கள் உபயோகிக்காத தட்டுகளைப் பக்கத்துக்கு மூன்று நாலாகப் படுக்க வைத்து அதன்மேல் நிறுத்தலாம். செங்கல் வைக்காதீர்கள். ஒருவர் வைத்து உடைத்ததாக எழுதியிருந்தார்.)

பாரை எடுக்கும்போது வயிறு நிறைய மூச்சு இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிற மாதிரி இறுக்கிக்கொள்ளுங்கள். பார் தொடையை உரசிக்கொண்டு ஏற வேண்டும், உரசிக்கொண்டு இறங்க வேண்டும். இறக்கும்போது அவசரம் கூடாது. புது ஜிம்மின் மாஸ்டர் கேரளத்துப் புனலூர்க்காரர். இறக்குகிற ஒவ்வொரு தடவையும் “பதுக்கெ, பதுக்கெ சேட்டா” என்பார். எங்கள் பக்கம் அதற்கு யாருக்கும் அகராதி வேண்டாம்.

படி 4: மற்றதெல்லாம்

ஸ்குவாட் நம் பஸ்கியேதான். நெஞ்சோடு ஒரு டம்பெல்லை அணைத்துப் பிடித்துச் செய்யுங்கள், சமநிலை தானாக வரும். மேற்கத்திய டாய்லெட்டுக்கு இன்னும் மாறாதவர்களுக்கு இது சீக்கிரம் வரும். தண்டால் பத்து ஒழுங்காக வராதவர் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். மேலிருந்து இழுக்கும் லாட் புல்டவுன் ஒன்று, டம்பெல்லைத் தலைக்கு மேல் தள்ளுவது ஒன்று. கடைசியில் அரை நிமிஷம் பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது.

ஒவ்வொன்றும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. செட்டுக்கு நடுவே இரண்டு நிமிஷம், போன் பார்க்காமல்.

படி 5: எப்போது ஏற்றுவது

செட் முடியும்போது ‘இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்’ என்று இருக்க வேண்டும். அந்த எடைதான் உங்களுக்கு. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். இதைப் போன் ஆப்பில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு 40 பக்க நோட்டும் பென்சிலும்தான். வேர்த்த விரலுக்குத் திரை கேட்பதில்லை.

மறுநாளைவிட மூன்றாம் நாள் வலி அதிகமாக இருக்கும், பயப்பட வேண்டாம், அதுவாகப் போகும். ஆனால் தசை வீங்கி, ஒன்றுக்குப் போவது பால் கலக்காத கட்டன் காப்பி நிறத்தில் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவுக்கு மீறி அடித்ததில் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. முதல் நாளே நூறு பஸ்கி போடச் சொல்லும் ஜிம்களில் நடக்கக்கூடியது.

வாங்க வேண்டியது, வேண்டாதது

தட்டையான அடி உள்ள கேன்வாஸ் ஷூ வாங்குங்கள். ஓடுகிற ஷூவின் மெத்தை எடை தூக்கும்போது அமுங்கி ஆட்டும். கையுறை வேண்டாம். பெல்ட் வேண்டாம். முதல் வாரமே தலையில் கட்டப் பார்க்கும் புரதப் பவுடர் டப்பா வேண்டவே வேண்டாம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரைக்கும் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தேவை. 72 கிலோ ஆளான எனக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் 6, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வரும் மத்தி மீனில் நூறு கிராமுக்கு 20 அளவில். பரோட்டாவை நான் விடவில்லை. நாலு இரண்டாகி, கூட ஒரு ஆம்லெட் வந்திருக்கிறது.

கடைசிப் பிற்சேர்க்கை

பெண்கள் சிலர் கேட்டிருந்தார்கள்: லேடீஸ் பேட்சில் சைக்கிளும் டிரெட்மில்லும் 2 கிலோ டம்பெல்லும்தான் தருகிறார்களாம். மேலே எழுதிய எல்லாம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். பதினைந்து லிட்டர் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்தால் 15 கிலோ. அதைச் சுமந்து மாடி ஏறுகிறவருக்கு 2 கிலோ எதற்கு? கேட்டு வாங்குங்கள்.

சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் இந்த மூன்று மாசமும் பார் ஈரம் கசிந்தே இருக்கும், ஒரு வாரம் விட்டால் துரு பிடிக்கும். இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பாருக்கு.