முதல் மெட்டல் பதிவு, சொந்தக் காசில்: சாட்ஸ்வொர்த் கராஜிலிருந்து ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜ் இருக்கிறது. அதற்குள் கார் நுழைந்து பல ஆண்டுகள் ஆகின்றன, ட்ரம்ஸ்தான் நிற்கிறது. எங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் முதல் பதிவை 2023இல் முடித்தோம். நான்கு பாட்டு, இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ட்ரம்ஸை மட்டும் வாடகை ஸ்டூடியோவில் பதிந்தோம், மீதி எல்லாம் இந்தக் கராஜில். எந்த நிறுவனத்திடமும் கை நீட்டவில்லை. இதுவரை எதையுமே பதிந்திராதவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பணத்தை எண்ணுங்கள், பிறகு பாட்டை எண்ணுங்கள்

எங்களிடம் சேர்ந்தது 18,000 ராண்ட். பாதி சீட்டுப் பணம். இங்கே ஸ்டோக்வெல் என்பார்கள். பாதி பிரியாணி விற்றது. விற்பனைத் தேதியைப் புரட்டாசியில் வைத்துத் தொலைத்தோம். தெருவில் பாதி வீடு சைவமாக இருக்கும் மாதம் அது என்பது, ஆட்டுக்கறிக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் உறைத்தது. தேதியைத் தள்ளி வைத்தோம்.

எங்கள் கணக்கு இது: ஸ்டூடியோ இரண்டு நாள் 7,000, மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவாகக் கலப்பது) 5,000, மாஸ்டரிங் (கலந்த பாட்டுக்குக் கடைசி மெருகு) 1,500, ட்ரம்ஸ் தோலும் கிட்டார் தந்தியும் 2,000, நூறு சிடி 2,500. உங்கள் ஊரில் விலை மாறும், பங்கீட்டைப் பாருங்கள். பாதிக்கு மேல் ட்ரம்ஸுக்கும் மிக்ஸிங்குக்கும் போயிருக்கிறது.

ஆறு பாட்டு தயாராக இருந்தன. நான்கைத்தான் பதிந்தோம். ஆறையும் அவசரமாக அள்ளிப் போடுவதைவிட நான்கை உருப்படியாகப் பதியலாம் என்பது என் கட்சி. எங்கள் பேஸ் கிட்டார்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் விட்டுப்போன இரண்டும் அவர் எழுதியவை.

2. கிளிக்கோடு பழகுங்கள்

ஸ்டூடியோவில் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் காசு. கராஜில் ஓடுவது இலவசம். ஆகவே தவறுகளை எல்லாம் கராஜிலேயே செய்து முடியுங்கள். ஒவ்வொரு பாட்டின் காலப்பிரமாணத்தையும் காகிதத்தில் எழுதுங்கள்: சரணம் நிமிடத்துக்கு 178 அடி, நடுவில் வரும் மெதுவான பகுதி 92 என்பதுபோல. அந்த வேகத்தில் ‘டிக் டிக்’ என்று சீராக ஒலிப்பதுதான் கிளிக். காதில் அது ஒலிக்க இரண்டு மாதம் வாசியுங்கள். எங்கள் ட்ரம்மர் என் மாமா மகன். கோயில் திருவிழாவில் மேளம் அடித்து வளர்ந்தவன். கூட்டம் சூடேறினால் தாளமும் சூடேற வேண்டும் என்பது அவன் இரத்தத்தில் ஊறியது. அதை மாற்றத்தான் அந்த இரண்டு மாதமும் போயின.

ஸ்டூடியோவுக்குப் போகுமுன் கிளிக்கின்மேல் ஒரு கிட்டாரை மட்டும் வாசித்து, வழிகாட்டிப் பதிவு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ட்ரம்மர் அதைக் காதில் கேட்டுக்கொண்டு தனியாக அடிப்பார். அன்று மற்றவர்களுக்கு வேலை தேநீர் போடுவதுதான்.

3. ட்ரம்ஸ்

மெட்டல் பதிவு நிற்பதும் விழுவதும் இங்கே. புதுத் தோலை முந்தின நாளே மாட்டிவிடுங்கள். முதல் சில மணி நேரம் அது இழுபட்டுச் சுருதி இறங்கும். கடற்கரை ஊர் என்றால் காற்றின் ஈரத்தில் இன்னும் இறங்கும். நாங்கள் ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் சுருதி சேர்த்தோம்.

மைக் எட்டு இருந்தால் தாராளம். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக்குக்குள் ஒன்று, அடியில் கம்பிச்சுருள் அதிரும் ஸ்னேருக்கு ஒன்று, மற்ற ட்ரம்களான டாம்களுக்கு மூன்று, தலைக்கு மேலே இரண்டு, அறையின் கோடியில் ஒன்று. கிக் மைக்கை, காலால் மிதிக்கும் சுத்தி தோலில் படும் இடத்தைப் பார்த்து வையுங்கள். வேகமான இரட்டைக் கிக்கில் ‘டும்’ என்ற முழக்கம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். ‘டக்’ என்ற முனைதான் காதுக்கு எட்டும்.

மேலே இருக்கும் இரண்டு மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்னேரின் நடுவில் ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு மைக்குக்கும் அளந்து பாருங்கள். தூரம் வேறுபட்டால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்து, ஸ்னேர் தகர டப்பாபோல ஒலிக்கும். மிக்ஸரிலோ கணினியிலோ ஒவ்வொரு மைக்கின் அலையையும் தலைகீழாக்கும் பொத்தான் உண்டு. அழுத்தியும் விட்டும் கேட்டு, எதில் கீழ்ச்சத்தம் நிறைவாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்மரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சிம்பலை மெதுவாக அடிக்க வேண்டும், ஸ்னேரைப் பலமாக. எல்லாம் முடிந்த பிறகு, அமைதியான அறையில் ஒவ்வொரு ட்ரம்மையும் தனித்தனியாகப் பத்துப் பத்து முறை, மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பதிய வேண்டும். ஏதாவது ஓர் அடி சொதப்பியிருந்தால் மிக்ஸிங் செய்பவர் இதிலிருந்து எடுத்து ஒட்டுவார்.

எங்களுக்கு இரண்டாம் நாள் பிற்பகல் மின்வெட்டு. ஸ்டூடியோவில் ஜெனரேட்டர் உண்டு என்றார்கள். அதில் டீசல் உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

4. கோப்புகளை அன்றே எடுத்து வாருங்கள்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக, மைக் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோப்பாக வாங்குங்கள். ஏன் அன்றே என்றால், பிரிட்டனின் மெட்டல் குழு அயர்ன் மெய்டனுக்கு நடந்ததைக் கேளுங்கள். அது 1978 டிசம்பர் கடைசியில், கேம்பிரிட்ஜில் ஒரு ஸ்டூடியோவில், தங்கள் காசில் நான்கு பாட்டுப் பதிந்தது. மூல நாடாவை விலைக்கு வாங்கக் கையில் பணமில்லை. சில வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது அது அழிக்கப்பட்டிருந்தது. மறுபடி மிக்ஸ் செய்ய வழியே இல்லாமல், கையிலிருந்த மிக்ஸிலிருந்து மூன்று பாட்டை எடுத்து 1979இல் 5,000 பிரதி அச்சிட்டார்கள்.

எங்கள் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: என் கணினி, மாமா வீடு, ஆயாவின், அதாவது என் பாட்டியின், இரும்பு அலமாரி. மூன்றில் அலமாரிதான் பத்திரம். சாவி ஆயாவின் இடுப்பைவிட்டு நகராது.

5. கிட்டாரும் பேஸும்

கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு துளை உள்ளதாக இருந்தால் போதும். ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) வழியாகப் போகாத தூய கிட்டார் ஒலியையும் எப்போதும் ஒரு தடத்தில் பதியுங்கள். ஆம்ப் ஒலி பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே வாசிப்பை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது. நடுவில் வந்து குவிந்துவிடும். கிட்டாரைக் கரகரக்க வைக்கும் இரைச்சலில் (டிஸ்டார்ஷன்), மேடையில் வைப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இரண்டு கிட்டார் சேரும்போது அது தானாகத் தடிக்கும். ஒவ்வொரு முறை வாசிக்குமுன்னும் சுருதி பாருங்கள்.

பேஸும் இப்படியே, ஆனால் ஒரே வாசிப்பு போதும். முடிந்தது.

6. குரல்

எங்கள் கராஜின் தகரக் கூரைமேல் வெர்வெட் குரங்குகள் ஓடும். நேரடிக் கம்பியில் வரும் கிட்டாருக்கு அதனால் பாதகமில்லை, குரலுக்கு உண்டு. குரங்கு தூங்கும் நேரம், அதாவது இரவு எட்டு மணிக்கு மேல், இரண்டு கம்பளிக்கு நடுவில் நின்று பதிந்தோம். எங்கள் பாடல் முறை உறுமல். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உறுமாதீர்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தமிழில் உறுமுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லினமும் இடையினமும் இரைச்சலில் கரைந்துபோகும். ‘ழ’வைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வல்லினம், அதுவும் இரட்டித்தால், கடித்து நிற்கும். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களைப் பற்றிய பாட்டில் முதலில் ‘அழும் அலைகள்’ என்று எழுதியிருந்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. ‘வெட்டிய கட்டைக் கரும்பு’ என்று மாற்றினேன், சுவர் அதிர்ந்தது. எங்கள் தலைமுறையில் பெரும்பாலோருக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி. ஆகவே சொற்களை ஆயாதான் திருத்தினார். எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்று மட்டும் கேட்டார்.

7. மிக்ஸிங், மாஸ்டரிங்

முதல் பதிவை நீங்களே மிக்ஸ் செய்யாதீர்கள். ஒவ்வொரு கிட்டார்காரருக்கும் தன் கிட்டார்தான் தாழ்ந்து கேட்கும். வெளியாளிடம் கொடுங்கள், எத்தனை திருத்தம் அந்த விலையில் அடங்கும் என்று முன்பே பேசுங்கள். காரில், மலிவான காதுப்பொறியில், கைப்பேசியில் கேட்டபிறகு திருத்தம் சொல்லுங்கள். மாஸ்டரிங்கில் சத்தத்தை உச்சிக்குத் தள்ளச் சொல்வதில் பயன் குறைவு. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறக்கிவிடும். தள்ளியதில் நசுங்கிய ஒலி மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

8. காகித வேலை

யார் எந்தப் பாட்டில் எத்தனை பங்கு என்று ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள், பாட்டு வெளிவருமுன். பிறகு பாட்டைத் தென்னாப்பிரிக்காவின் இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் பதியுங்கள். பொது இடத்தில் ஒலிப்பதற்கான தொகை அவர்கள் வழியாக வரும். பிரதி எடுப்பதற்கான தொகைக்கு காப்பாஸோ என்ற இன்னொரு அமைப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி எண் வேண்டும், எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு.

9. விற்பனை

இணையத்தில், இசைக்குழுக்கள் தாங்களே விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் வைத்தோம். விற்கும் பாட்டில் 15 சதவீதம் அவர்களுக்கு. அட்டைப்படத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். பிரிட்டனின் மெட்டல் குழு டயமண்ட் ஹெட் 1980இல் தங்கள் முதல் ஆல்பத்தை வெறும் வெள்ளை உறையில் விற்றது. பிற்பாடு புகழ்பெற்ற மெட்டாலிகா குழு அதன் பாட்டுகளையே எடுத்து வாசித்தது. நாங்கள் பழுப்பு அட்டையில் ரப்பர் முத்திரை குத்தி, கையால் எண் போட்டோம். நிகழ்ச்சிக்குப் போகும்போது சில்லறையும் கார்டு தேய்க்கும் கருவியும் எடுத்துப் போங்கள்.

ஒன்று என்று எண் போட்ட சிடியை அடுத்த வீட்டு அத்தைக்குக் கொடுத்தோம், ஒரு டப்பா முறுக்கோடு. அடுத்த பதிவுக்கான ஒத்திகையும் அதே கராஜில்தான்.