டீல் வீட்டுச் சுவரின் ஈரம் போன கதை

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டீல் என்ற ஊரில் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடு. பழமையான கட்டடங்களைக் காக்கும் அரசுப் பட்டியலில் ‘கிரேடு 2’ என்ற பிரிவில் இருக்கிறது. முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. பார்க்க வந்தவர், ஈரம் ஏறாமலிருக்கச் சுவரில் துளையிட்டு ரசாயன ஊசி போடச் சொன்னார். நல்லவேளை, போடவில்லை.

வெளிப்பக்கம் உளியால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. யாரோ எப்போதோ செங்கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து வழியே போக வேண்டிய ஈரம் வழியில்லாமல் செங்கலுக்குள் தேங்கி, அதன் முகத்தையே உதிர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் கேட்டேன். இந்த மாதிரி வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி வாங்காமல் செய்தால் கிரிமினல் குற்றம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, காத்திருப்புதான்.

அப்புறம் சிமென்டைக் கையுளியால் எடுத்தோம். மின்சார வெட்டுக் கருவியான கிரைண்டர் பட்டால் செங்கல் விளிம்பு போய்விடும். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை அடைத்து, ஒரு வாரம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். இல்லாவிட்டால் கடல்காற்று உலர்த்தி மாவாக்கிவிடும். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் சாந்து கெட்டுவிடும் என்பதால் மே மாதம் வரை பொறுத்தோம்.

உள்சுவர் காயக் கோடை முழுக்க ஆனது. இப்போது ஒரு மூலையில் மட்டும் உப்புப் பூக்கிறது, பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன்.