கடைப்படியில் உட்காருபவர்களும் கடைக்காரர்கள் செய்யும் தவறுகளும்

பாம்பனில் கடை வைத்த புதிதில், வாசற்படியில் ஒருவரும் உட்காரக் கூடாதென்று மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து படி முழுக்கத் தடவினேன். மாலை வரை படி காலியாகத்தான் கிடந்தது. ஆறு மணி வாக்கில் உளுந்து வாங்க வந்த அம்மா ஒருவர், முழங்கால் வலி போல, பையை இறக்கி வைத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்துவிட்டார். வெளிர்மஞ்சள் சேலை. நான் கல்லாவை விட்டு எழுந்து ஓடுவதற்குள் அவரே எழுந்து, பின்னால் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவர் வீட்டு மளிகை எதிர்க்கடையில்தான்.

வாசலில் நிற்பவர் எல்லாரும் வியாபாரத்தைக் கெடுப்பவர்கள் என்று கணக்குப் போட்டதுதான் என் முதல் தவறு. எங்கள் பக்கம் கடைவீதிக் கூட்டம் கடலைப் பொறுத்தது. ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். புயல் கூண்டு ஏற்றினாலும், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்ததற்காக மீனவர்கள் ஸ்ட்ரைக் அறிவித்தாலும் கரைதான். வலையைப் பழுது பார்த்து முடித்தவர் வீட்டுக்குள் எவ்வளவு நேரம் முடங்கிக் கிடப்பார்? டீக்கடைக்குப் போவார், அங்கிருந்து நம் படிக்கு வருவார். நம் நோட்டில் அவர் பேரில் பற்று இருக்கும். கடலுக்குப் போனதும் அதை அடைக்கப் போகிறவரும் அவர்தான். அவரிடம் முகத்தைக் காட்டினால் பழைய பாக்கியும் இழுக்கும், ஆளும் கடை மாறுவார்.

அதற்காக அப்படியே விட்டுவிடுவதும் தப்பு. நாலு ஆம்பிளைகள் வாசலை அடைத்து நின்றால், டியூஷன் முடிந்து பேனா வாங்க வரும் பெண்பிள்ளை படியேற மாட்டாள். புகாரும் சொல்ல மாட்டாள், பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நட்டம் தெரியவே தெரியாது. ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். வாசல் தெரிகிறதா?

நான் பார்த்தபோது தெரியவில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், போர்டு எல்லாவற்றையும் நடைபாதை வரை பரப்பியிருந்தேன். மிச்சமிருந்த மூன்றடியில்தான் நிற்பவரும் நிற்க வேண்டும், வருபவரும் வர வேண்டும். சிகரெட் பற்றவைக்க லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்ததும் நான்தான். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆட்களைக் கலைக்க வாசல் விளக்கை அணைப்பது இன்னொரு தவறு. பேசிக்கொண்டிருக்க வந்தவர்கள் போய்விடுவார்கள், குடிக்க வந்தவர்கள் நகர மாட்டார்கள்.

சும்மா நிற்கிறார் என்பதற்காகப் போலீஸைக் கூப்பிடாதீர்கள். ஒருமுறை ஜீப் வந்து போனால் தெருவே உங்களைத்தான் பேசும். "மாப்ளே, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றால் முக்கால்வாசி முடிந்துவிடும். பெண்களிடம் வம்பு, குடித்துவிட்டு அடிதடி என்றால் யோசிக்காமல் 112.

ஏர்வாடி பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மனநலம் சரியில்லாமல் தர்காவுக்குக் கூட்டிவரப்படுபவர்கள் அங்கே அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தவர்கள் தீயில் சிக்க, 28 பேர் இறந்தார்கள். அந்த ஊரிலேயே, வாசலில் திரிபவர் மேல் தண்ணீர் ஊற்றுவதும், பக்கத்து ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் எந்த வகையிலும் சரியில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100வது பிரிவுப்படி, அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது போலீஸின் கடமை. இந்த விஷயத்திலும் போலீஸுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சரி, என் கடையில் என்ன செய்தேன்? மூட்டைகளை உள்ளே இழுத்தேன், லைட்டரைக் கழற்றினேன், வாசலுக்குப் பக்கவாட்டில் நிழல் விழும் இடத்தில் ஒரு பெஞ்ச் போட்டேன். படி காலியாகிவிட்டது. நீங்களும் போட்டால், ஷட்டர் இறக்கும்போது பெஞ்சை உள்ளே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் பாட்டில் பொறுக்கிவிட்டுத்தான் கடை திறக்க வேண்டியிருக்கும்.