பெயரைச் சொல்லாவிட்டாலும் கசிந்துவிடும்: க்ரைம் நாவலுக்குக் கருத்து எழுதும்போது நடக்கும் தவறுகள்

க்ரைம் நாவல் படித்துவிட்டுப் புதிதாகக் கருத்து எழுத வருகிறவர்களிடம் சில பிழைகள் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. கொலையாளியின் பெயரைப் போட்டு உடைக்கக் கூடாது, பாத்திரப் பெயர்களைக் குழப்பக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். பேச வசதியாகத் தாமஸ் ஹாரிஸின் ‘ரெட் டிராகன்’ (1981) நாவலை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டாவில் ஒரு குடும்பம், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் இன்னொரு குடும்பம்; இரண்டுமே பௌர்ணமியை ஒட்டிக் கொல்லப்படுகின்றன. வேலையை விட்டு ஒதுங்கி ஃப்ளோரிடாவில் வாழும் புலனாய்வாளர் வில் கிரஹாமை எஃப்.பி.ஐ. அதிகாரி ஜாக் கிராஃபோர்ட் திரும்ப அழைக்கிறார். அடுத்த பௌர்ணமிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும்.

வகை தெரியாமல் தீர்ப்பு

“கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சுடுது, சஸ்பென்ஸே இல்லை.” இந்த நாவலைப் பற்றி இப்படி எழுதினால் அது குறையே ஆகாது. ஆளை நமக்குக் காட்டுவது ஆசிரியரே. இங்கே கேள்வி ‘யார்’ என்பதல்ல. அந்தக் குடும்பங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, கிரஹாம் அதை எட்டுவதற்குள் நாள் முடிந்துவிடுமா என்பதுதான்.

‘யார் செய்தது’ வகை நாவல் என்றால் தடயங்கள் நம் கண்ணில் முன்பே பட்டனவா என்று பாருங்கள். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளில் இரண்டு இன்றும் உதவும்: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. துரத்தல் வகை என்றால் அளவுகோல் வேறு. ஒவ்வொரு தடயமும் முந்தையதிலிருந்து பிறக்கிறதா, அல்லது அதிர்ஷ்டத்தால் கையில் விழுகிறதா என்று கவனியுங்கள்.

பெயர் சொல்லாமலே காட்டிக்கொடுப்பது

பொறுக்க முடியாத தவறு இதுதான். ஒரு துப்பறியும் நாவலை முதல் தடவையாக ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும். கெடுத்தவர் பின்னால் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? இத்தனைக்கும் இதைச் செய்கிறவர்கள் ‘ஸ்பாய்லர் இல்லை’ என்று முதல் வரியில் போட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது முதல் ஓட்டை, ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று காட்டிவிடும் சொற்கள். ‘கடைசியில் அவள் சிக்கும் இடம் பிரமாதம்’ என்று ஒருவர் எழுதுகிறார். சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர், அதில் பெண்கள் இருவர் என்றால் நாலு பேர் அந்த ஒரு சொல்லில் விடுதலை. நூலின் பின்னட்டை ஒரே கொலையாளியைப் பற்றிப் பேசும்போது ‘கொலைகாரர்கள்’ என்று எழுதினால் மொத்தக் கதையும் போயிற்று. வழி எளிது: ‘கொலையாளி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, வினையைப் பெயரெச்சமாக்குங்கள். ‘தப்பித்தான்’ வேண்டாம், ‘கொலையாளி தப்பித்த விதம்’ என்றால் ஆணா பெண்ணா என்பது வெளியே வராது.

இரண்டாவது, ‘கடைசி இருபது பக்கத்தில் ஒரு ட்விஸ்ட்’. இதைப் படித்தவர், நடுவில் ஒருவரைக் கைது செய்யும்போதே அவர் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். திருப்பம் இருக்கிறது என்ற தகவலே பாதித் திருப்பம்.

மூன்றாவது, ஒப்பீடு. புகழ்பெற்ற இன்னொரு நாவலின் பெயரைச் சொல்லி ‘அதே மாதிரி’ என்றால், அதைப் படித்தவருக்கு உத்தி தெரிந்துவிடும். நடையையோ ஊரையோ ஒப்பிடுங்கள், முடிச்சை ஒப்பிடாதீர்கள். நான்காவது, சம்பந்தமில்லாத பாராட்டு: ‘டாக்டர் வருவது நாலே பக்கம், ஆனால் மறக்கவே முடியாது.’ நாலு பக்கம் வருகிறவரை ஏன் மறக்க முடியவில்லை என்று எவருக்கும் தோன்றும்.

லண்டனில் 1952-இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், முடிவில் ஒரு நடிகர் பார்வையாளர்களிடம் ரகசியத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். நாடகக் குழு இவ்வளவு மெனக்கெடும்போது, கருத்து எழுதுகிறவர் வெளியிடும் முன் ஒரு சோதனை செய்வது பெரிய வேலை அல்ல. நாவலைப் படிக்காத ஒருவரிடம் எழுதியதைக் கொடுத்து, “யார் மேல சந்தேகம் வருது?” என்று கேளுங்கள். சரியான ஆளைச் சொன்னாலோ, யாரையாவது நிச்சயமாகத் தள்ளினாலோ, எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று விசாரித்து அதை எடுத்துவிடுங்கள். கதைச் சம்பவங்களை நூலின் முதல் கால் பகுதியோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. அதற்குப் பிறகு எழுத்து, வேகம், பாத்திர வார்ப்பு பற்றி மட்டும்.

சினிமாவையும் நாவலையும் கலப்பது

‘ரெட் டிராகன்’ 1986-இலும் 2002-இலும் படமானது. 1986 படத்தின் முடிவு நாவலின் முடிவல்ல. படத்தைப் பார்த்துவிட்டு நாவலின் முடிவைக் குறை சொல்லாதீர்கள்.

‘இது ஹானிபல் லெக்டர் நாவல்’

இல்லை. ஹாரிஸின் புகழ்பெற்ற பாத்திரமான அந்தக் கொலைகார மனநல மருத்துவர் இதில் வருவது சில இடங்களில்தான். லெக்டருக்காக வாங்குபவர் ஏமாந்துபோவார்.

பக்க எண்

பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாய எண்ணைக் குறிப்பிடுங்கள்.

வன்முறையைப் பற்றி மௌனம்

குழந்தைகளும் கொல்லப்படுகிறார்கள் என்ற ஒரு வரி போதும். காட்சியை விவரிக்க வேண்டாம்.

‘ஒரே மூச்சில் படித்தேன்’

இதை வைத்து யாரும் புத்தகம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. எந்த இடத்தில் வேகம் தொய்கிறது, ஏன் தொய்கிறது என்று எழுதுங்கள்: விசாரணை நின்று கொலையாளியின் கடந்தகாலம் விரியும் அத்தியாயங்களா, ஆய்வுக்கூட விவரங்களா, போலீஸ் கூட்டங்களா? தடய அறிவியலை ரசிக்கிறவருக்கு அந்த ஆய்வுக்கூடப் பக்கங்கள்தான் நாவலின் சிறந்த பகுதியாக இருக்கும்.